பெட் கராப்

போன வாரம் தீபிகா போன் செய்தாள். செம்பூரில் எங்கள் கம்பெனியின் புகார்ப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். டார்ச் லைட் மாதிரி ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். கெட்டுப்போன மேசையின் மேல் வைத்து அமுக்கினால், என்ன கலந்து கெட்டது என்று திரையில் பெயரே வந்துவிடுமாம். "சிலிக்கான்னு காட்டுது மேடம். எங்கேருந்து வந்துதுன்னுதான் காட்டமாட்டேங்குது. நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடி பெண்ணே, அதைக் கண்டுபிடிக்கத்தானே முப்பத்தோரு வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்! போனில் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள் என்று, எழுதித் தருகிறேன் என்றேன். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அவள் அம்மா வாசித்துக் காட்டுவாராம். ஆகவே பாலிஷ் வாசனையே தெரியாத ஓர் அம்மாவுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன்.

மேசை, நாற்காலி, அலமாரிக்கெல்லாம் இப்போது துணியில் தொட்டு பாலிஷ் தேய்ப்பது குறைவு. ஸ்பிரே கன்னில் பாலிஷை ஊற்றி, கம்ப்ரசர் காற்றில் பனி மாதிரித் தெளிக்கிறார்கள். நன்றாக வந்தால் அதில் முகம் பார்க்கலாம். சில நாள் தெளித்த ஒரு நிமிடத்துக்குள், ஈரம் காய்வதற்கு முன்பே, பாலிஷ் அங்கங்கே விலகிக்கொண்டு மிளகளவு வட்டக் குழிகள் விழும். ஒவ்வொன்றின் நடுவிலும் மரம் எட்டிப் பார்க்கும். மீன் முறைக்கிற மாதிரி இருப்பதால் அதற்கு ஃபிஷ் ஐ என்று பெயர். தாராவிப் பட்டறைகளில் எங்கள் ஆட்கள் வெறுமனே ‘கண்’ என்பார்கள். "கண் விழுந்துட்டு" என்று ஒருவர் சொன்னால் அன்றைய வேலை போச்சு. எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து வரவேண்டும்.

காரணம் எப்போதும் ஒன்றுதான். அந்த இடத்தில் பாலிஷுக்குப் பிடிக்காத பசை ஏதோ ஒட்டியிருக்கிறது. எண்ணெயாக இருக்கலாம். பெரும்பாலும் சிலிக்கான். அது இல்லாத சாமான் இன்று கிடையாது. முடியைப் பளபளக்க வைக்கும் திரவம், கார் பாலிஷ், கைக்குப் பூசும் கிரீம், மிஷின் இறுகாமல் அடிக்கும் ஸ்பிரே எல்லாவற்றிலும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. ஒரு சொட்டு போதும், ஒரு பட்டறையையே அழ வைக்கும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், முதலில் அழ வைத்தவள் நானே. தாராவியில் பிறந்தேன். அப்பா சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தார். கெமிஸ்ட்ரி படித்து, கம்பெனி லேபில் மாதிரிப் பலகைகளுக்கு ஸ்பிரே அடிக்கும் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே என் பலகைகளிலெல்லாம் கண். மூன்று நாள் லேபையே தலைகீழாகப் புரட்டினார்கள். கடைசியில் பார்த்தால், சித்தி மகள் கல்யாணத்துக்காக தாதர் மார்க்கெட்டில் வாங்கி நான் முடியில் தடவிக்கொண்டிருந்த புட்டி! வெட்கத்தில் தலையைக் குளிர்ந்த தண்ணீரில் நாலு தடவை அலசினேன். என் சர்வீஸில் பிடிபட்ட முதல் திருடி நான்தான்.

அதன் பிறகு எனக்கு இந்த வேலை மேல் தீராத ஆசை வந்துவிட்டது. கடன்காரன் மாதிரி வீடு வீடாகப் போனேன் என்று என் கணவர் கேலி செய்வார். ஆண்டாப் ஹில்லில் ஒரு பட்டறையில் திங்கள்கிழமை மட்டும் கண் விழும். செவ்வாயிலிருந்து சனி வரை சுத்தம். ஞாயிறன்று அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். பட்டறைக்காரர் தம் மோட்டார் சைக்கிளை ஆசை ஆசையாகப் பாலிஷ் போட்டுத் துடைத்துவிட்டு, அந்தத் துணியை உதறி மடித்து, மரம் துடைக்கும் துணிகளோடு அடுக்கினார். சயானில் ஒரு மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் பெண்கள் சலூன். காற்றாடி சுழலும்போதெல்லாம் மாடியில் அடித்த ஹேர் ஸ்பிரே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இப்படி எத்தனையோ. ஒவ்வொன்றும் பிடிபடும்போது எனக்குக் குழந்தை மாதிரிக் கைதட்டத் தோன்றும். இரண்டு தடவை தட்டியும் இருக்கிறேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக ராமசுப்பு சார் வந்ததும்தான் என் கைதட்டல் கொஞ்சம் அடங்கியது. மாதுங்காக்காரர், என்னைவிட ஆறு வயது சின்னவர். முதல் நாளே, நான் உங்களை மேடம் என்கிறேன், நீங்கள் என்னை சார் என்று சொல்லுங்கள், இரண்டு பேருக்கும் மரியாதையாகிவிடும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம்.

அவர் கொண்டுவந்த வினை, மூன்று கட்டம் போட்ட ரிப்போர்ட் தாள். ஒன்று ‘பார்த்தது’, அடுத்தது ‘கேட்டது’, மூன்றாவது ‘நினைத்தது’. எதை எதில் எழுதுகிறோம் என்பதில் அவர் கறாரோ கறார். ஒருமுறை ‘பார்த்தது’ கட்டத்தில் ‘அழுக்குத் துணி’ என்று எழுதிவிட்டேன். கண்ணாடி கழன்றது. அழுக்கு என்று துணியா உங்களிடம் சொன்னது என்று கேட்டார். பழுப்புக் கறை உள்ள துணி என்பதுதான் பார்த்தது, அழுக்கு என்பது நினைத்தது என்று திருத்தி எழுத வைத்தார். வீட்டுக்கு வந்து கணவரிடம் திட்டித் தீர்த்தேன். சாம்பாரில் உப்பு இல்லை என்று அவர் சொன்னதற்கு, அது பார்த்ததா நினைத்ததா என்று கேட்டேன். அவர் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தார்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஆறுமுகம் அண்ணாச்சியின் பட்டறை. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகத்துக்கு இருபத்து நான்கு நீள மேசைகள் செய்துகொண்டிருந்தார். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் போய்ச் சேரவேண்டும். ஒன்றரை மாதமாக விட்டு விட்டுக் கண் விழுகிறது, உங்கள் பாலிஷ்தான் மோசம் என்று கம்பெனிக்குப் புகார் வந்தது.

நான் போனது ஒரு திங்கள்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமையே அண்ணாச்சி தீர்ப்பை எழுதிவிட்டிருந்தார். அவரிடம் பதினோரு வருடமாக ஸ்பிரே அடித்த சுடலையை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். தலையில் எண்ணெய் வைக்கிறான் என்று முதலில் சொன்னாராம். சுடலை நேரே போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறான். அப்புறமும் கண். "அப்ப அவன் கையே சரியில்ல" என்றார் அண்ணாச்சி.

தாராவியில் ஸ்பிரே அடிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. கை சரியில்லை என்ற பேச்சு ஒரு சந்தில் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் பத்துச் சந்துக்குப் போய்விடும். அப்புறம் எந்தப் பட்டறையும் அவன் கையில் கன்னைக் கொடுக்காது. எனக்குத் தெரிந்து அப்படிப் பெயர் கெட்ட இருவர் கடைசிவரை சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள்.

என் வேலையை வரிசைப்படி தொடங்கினேன். கம்ப்ரசர் காற்றுக்கு முன்னால் வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் பிடித்தேன், எண்ணெய்க் கறை இல்லை. நான் கொண்டுபோன புது கன், பாலிஷை நீர்க்க வைக்கும் புது தின்னர், வேறு டப்பா பாலிஷ் என்று ஒவ்வொன்றாக மாற்றி அடிக்கச் சொன்னேன். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், இரண்டை மாற்றினால் குழம்பிப்போகும். காற்றில் ஏதாவது மிதந்து வருகிறதா என்று பார்க்க, நன்றாகக் கழுவிய கண்ணாடித் துண்டுகளை வாசல், ஜன்னல், காற்றாடி அடி, கன் தொங்கும் ஆணி என்று பல இடங்களில் எண் போட்டு இரண்டு மணி நேரம் வைத்தேன். பிறகு அவற்றின் மேல் பாலிஷ் அடித்தோம். எல்லாம் பளிங்கு மாதிரி வந்தது. ஆகக் காற்றில் வரவில்லை, பாலிஷில் இல்லை, கன்னில் இல்லை.

மேசைகளிலும் கண் இல்லை என்பதுதான் கொடுமை. சுடலைக்குப் பதிலாகப் பட்டறையின் மூத்த தச்சரே கன் பிடித்தார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஐந்து மேசைகள், ஒரு குழிகூட இல்லை. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு தட்டுத் தோசை வரவழைத்து எனக்கும் கொடுத்தார்.

"பாத்தியளா? அவன் போனான், கண்ணும் போச்சு. அவன் கைதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா. நாளைக்கு எவனும் எம்மேல பழி சொல்லப்படாதுல்லா."

எங்கள் விற்பனைப் பிரிவுக்கும் அதேதான் வேண்டும். பாலிஷ் மேல் குற்றமில்லை, ஆள்தான் காரணம் என்று எழுதினால் கம்பெனிக்குத் தலைவலி தீர்ந்தது. ரிப்போர்ட் தாளின் அடியில் ‘காரணம்’ என்று ஒரு கோடு இருக்கும். அதற்குக் கீழே என் கையெழுத்து. பார்த்தே இராத ஒருவனின் பிழைப்பு அந்தக் கோட்டில் தொங்கியது. பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன். இரண்டு நாள் நன்றாக வந்தது என்பது பார்த்தது. அவன் கை என்பது நினைத்தது. ராமசுப்பு சாரின் கண்ணாடி என் மனக்கண்ணில் கழன்றது.

சுடலையின் நோட்டுப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். கன் தொங்கிய ஆணிக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் எத்தனை சாமான் அடித்தான், எவ்வளவு தின்னர் கலந்தான் என்று எழுதவேண்டும் என்பது அண்ணாச்சியின் உத்தரவு. அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அதனால் சுடலை பம்பாய் ஹிந்தியையும் இங்கிலீஷையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தான். ‘தீன் டேபிள். தின்னர் ஆதா டப்பா.’ மூன்று மேசை, தின்னர் அரை டப்பா. கண் விழுந்த நாளில் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம்.

வட்டங்களை எண்ணினேன், ஏழு. ஏழு நாளிலும் பக்கத்தின் தலைப்பிலேயே இரண்டு சொல்: ‘பெட் கராப்’. வட்டம் இல்லாத நாள்களில் அந்தச் சொற்கள் இல்லவே இல்லை.

பெட் கராப்! கட்டில் கெட்டுப்போச்சு! அந்த நாள்களில் ஏதோ கட்டில் உள்ளே வந்திருக்கிறது, அதோடு பசையும் வந்திருக்கிறது. வெளியே வந்து பார்த்தால், சுவருக்குச் சுவர் ஒட்டி ஒரு மெத்தைக்காரர் கடை! கட்டில் தலைமாட்டுக்குக் குஷன் தைக்கிறவர். பஞ்சு உறைக்குள் வழுக்கிக்கொண்டு போக ஒரு ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார். டப்பாவை வாங்கிப் படித்தேன். சிலிக்கான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடித் துண்டில் ஒரு துளி தொட்டு, மேலே பாலிஷ் அடித்தால், குபுகுபுவென்று கண். கைதட்டினேன். மெத்தைக்காரரிடம், உங்களால் ஒரு மனிதன் வேலையே போய்விட்டது என்று பிரசங்கமும் செய்துவிட்டேன். அவர் பாவம், ஒன்றும் புரியாமல் எனக்கு டீ சொன்னார். அதையும் குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் செம்பூர் ஆபீசில் ராமசுப்பு சார் முன்னால் தாளை வைத்தேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கடைல சிலிக்கான் இருக்குன்னு காமிச்சுட்டேள். அது இந்தப் பட்டறைக்குள்ள எப்படி வந்துதுன்னு காமிக்கலையே. பெட்டை யார் பார்த்தா, மேடம்?"

நோட்டில் எழுதியிருக்கிறதே என்றேன். நோட்டில் எழுத்தைத்தான் பார்த்தீர்கள், கட்டிலைப் பார்க்கவில்லை, எழுதினவரைக் கேட்கவும் இல்லை, அப்படியானால் இது மூன்றாம் கட்டம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மேசை மேலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். ஆனால் மனிதர் சொன்னதில் ஓட்டை இல்லை. நான் எழுதி ஏற்கெனவே ஒரு மெத்தைக்காரர் குற்றவாளி ஆகிவிட்டார். சுடலையிடம் அண்ணாச்சி செய்ததும் இதுதானே என்று தோன்றியதும் என் ஆத்திரமெல்லாம் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை பஸ் பிடித்து, சுடலை குடியிருந்த ஆண்டாப் ஹில்லுக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒற்றை அறை. முப்பத்தைந்து வயது ஆள், மொட்டைத் தலையில் அரிசி மாதிரி முடி முளைத்திருந்தது. மனைவி இசக்கியம்மாள் எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். நான் கம்பெனி ஆள் என்று தெரிந்ததும் சுடலை முகம் இறுகிவிட்டது. உங்க பாலிஷ் நல்ல பாலிஷ்தான் மேடம், என் கையும் நல்ல கைதான் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நோட்டை நீட்டி, இந்த ஏழு நாளும் எந்தக் கட்டிலை அடித்தாய் என்று கேட்டேன். கட்டிலா, தீபாவளிக்கு அப்புறம் கட்டிலே வரவில்லையே என்றான். பின்னே இது என்ன என்று விரலை வைத்துக் காட்டினேன்.

சுடலை பார்த்தான். மனைவியைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு முட்டியது.

"அது பெட் இல்ல மேடம், பேட். அண்ணாச்சியோட வயிறு. வயிறு சரியில்லன்னு எழுதியிருக்கேன்."

கர்த்தரே! ஹிந்தியில் பேட் என்றால் வயிறு. பேட் கராப், வயிற்றுக் கோளாறு. தமிழில் ‘ப’ ஒன்றுதான், ‘ட’ ஒன்றுதான். இங்கிலீஷ் கட்டிலுக்கும் ஹிந்தி வயிற்றுக்கும் நடுவே மிச்சமிருந்தது ஒரே ஒரு கொம்பு. அதையும் இந்த மகராசன் போடவில்லை. ஏனப்பா இரட்டைக் கொம்பு போடவில்லை, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையா என்று கேட்டேன்.

"ரெட்டைக் கொம்பு போட்டா அண்ணாச்சிக்குப் புரிஞ்சிருமே மேடம். நோட்டை அவரும் புரட்டுவாரு. அவருக்கு வயிறு எரிஞ்சா அன்னிக்கு லீவு கேக்கக்கூடாது, எதுவும் கேக்கக்கூடாது. எந்தெந்த நாள் எரியுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதி வச்சேன்."

அதாவது, மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிற மாதிரி முதலாளியின் வயிற்றைப் பார்த்து எழுதியிருக்கிறான். சரி, ஏழு நாளும் கண்ணும் வயிறும் சேர்ந்தே வந்திருக்கிறதே, அது உனக்குத் தோன்றவில்லையா என்றேன். அதில் என்ன அதிசயம் மேடம், கண் விழுந்தால் முதலாளிக்கு வயிறு எரியாதா என்றான். நியாயமான பதில்தான். ஆனால் ‘பெட் கராப்’ ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியாக இருந்தது. மேசைக் கணக்குக்கும் மேலே. காலையில் வந்ததும் எழுதியது. கண் விழுந்து வயிறு எரியவில்லை. வயிறு எரிந்த பிறகுதான் கண் விழுந்திருக்கிறது.

வயிறு எரிந்தால் அண்ணாச்சி என்ன செய்வார் என்று கேட்டேன். பெரிய பாட்டிலில் இளஞ்சிவப்பாக அசிடிட்டி மருந்து வைத்திருக்கிறார் என்றாள் இசக்கியம்மாள். எப்படிக் குடிப்பார் என்று சுடலை எழுந்து நடித்தே காட்டினான். எச்சில் பட்டுவிடக்கூடாது என்று பாட்டிலை உயரத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வாராம். கஞ்சி மாதிரிக் கெட்டியான மருந்து. பாதி வாயில், மீதி தாடையில். உள்ளங்கையால் ஒரு வழி வழித்துவிட்டு, வேலையைப் பார்க்க வந்துவிடுவாராம். வந்ததும் முதல் வேலை, ஸ்பிரேக்குப் போகும் ஒவ்வொரு மேசையையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வலது கையால் தடவிப் பார்ப்பது. உப்புத்தாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று அவர் கைக்குத்தான் தெரியுமாம். தன் கை படாமல் ஒரு சரக்கும் வெளியே போகாது என்பது அவர் பெருமை.

சுடலை நடித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டான். உயர்த்திய கை அப்படியே இருக்க என்னைப் பார்த்தான்.

வயிற்றில் காற்று நுரைத்துக்கொண்டு நிற்கும் இல்லையா, அந்த நுரையை உடைக்க இந்த மருந்துகள் பலவற்றில் கொஞ்சம் சிலிக்கான் சேர்ப்பார்கள். வயிற்றுக்கு அமிர்தம், பாலிஷுக்கு எமன். சுடலையைத் துரத்திய பிறகு வந்த திங்கள், செவ்வாயில் அண்ணாச்சிக்கு மனசு லேசாகிவிட்டது, வயிறும் ஆறிவிட்டது. மருந்து குடிக்கவில்லை, கண்ணும் விழவில்லை. இதையெல்லாம் ‘நினைத்தது’ கட்டத்தில்தான் எழுதினேன். பாடம் படித்துவிட்டேன் அல்லவா?

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனேன். போகிற வழியில் மெத்தைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுபடியும் டீ சொன்னார். பட்டறையில் அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அவசரப்படுத்தி போன் வந்திருக்கிறது, காலையில் அடித்த இரண்டு மேசையிலும் கண். அந்தப் பயல் போகும்போது என்னத்தையோ செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பொருமினார்.

எனக்கும் வயிறு எரிகிறது அண்ணாச்சி, மருந்து இருந்தால் கொடுங்கள் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு! மூன்று வேளையும் எப்படிக் குடிக்கவேண்டும், எந்தக் கடையில் வாங்கவேண்டும் என்று உபதேசம் செய்து பாட்டிலைக் கொடுத்தார். லேபிளில் சிலிக்கான் இருக்கிறதா என்று படித்தேன். இருந்தது. ஒரு மடக்கு குடித்தும்விட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

கையைக் கழுவிவிட்டு, நாலு பலகையை நானே துடைத்து வைத்தேன். முதல் பலகையில் என் உள்ளங்கையை அழுத்தினேன். இரண்டாவதில் தச்சரை அழுத்தச் சொன்னேன். மூன்றாவதில் சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு அண்ணாச்சி. பிறகு, நீங்களும் ஒரு வாய் குடியுங்கள் அண்ணாச்சி, பள்ளிக்கூடத்து போனில் உங்களுக்கும் எரியுமே என்றேன். அண்ணாந்து குடித்தார், வழித்தார். அந்தக் கையை நாலாவது பலகையில் வைக்கச் சொன்னேன். எதற்கு இந்தக் கூத்து என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். தச்சர் நாலுக்கும் ஒரே வீச்சில் பாலிஷ் அடித்தார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று பலகை கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நாலாவதில் முதலில் ஒரு கண் திறந்தது, பிறகு ஐந்து, பிறகு இருபது. எல்லாம் சேர்ந்து கட்டைவிரல், நாலு விரல், உள்ளங்கை என்று ஒரு முழுக் கையாக எழுந்து வந்தது.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். தன் கையை அதற்கு மேல் தொடாமல் பிடித்துப் பொருத்திப் பார்த்தார். சரியாக இருந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றவே இல்லை.

"பதினோரு வருசமா இருக்கான். மொட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னாம்மா. அப்பவும் நம்பலியே நான்" என்றார்.

ரிப்போர்ட்டில் காரணம் என்ற கோட்டில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். மருந்து என்று எழுதுகிறேன் என்றேன். சுடலைக்கும் மற்றப் பட்டறைக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி வந்தார்.

ஆண்டாப் ஹில்லில் சந்து முனையிலிருந்தே குரல் கொடுத்தார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அன்றைக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. "ஏல சுடலை, கை சரியில்லாதவன் நான்தாம்ல. ஓங்கை பத்தரமாத்துக் கைல" என்று அவர் சொன்னதை அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குழாயை மூட மறந்து நின்றார்கள். இசக்கியம்மாள் வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுடலை வெளியே வந்தான். வேலைக்கு வந்துவிடு என்று கூப்பிட்டார் அண்ணாச்சி.

"வாரேன் அண்ணாச்சி. ஆனா ஒண்ணு. ஸ்பிரே ரூமுக்குள்ள சரக்கு ஏறிட்டுன்னா அப்புறம் நீங்க உள்ள வரப்படாது."

தடவிப் பார்க்காமல் எப்படிச் சரக்கை அனுப்புவேன் என்று அண்ணாச்சி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். உப்புத்தாள் போடும்போது எவ்வளவு வேண்டுமானாலும் தடவுங்கள், துடைத்து உள்ளே ஏற்றிய பிறகு என் கைதான் என்றான் சுடலை. அண்ணாச்சி ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை அந்தச் சந்தைப் பார்த்தார். சரிடே என்றார்.

மருந்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. விட வேண்டியதும் இல்லை. ராமசுப்பு சார் அந்த ரிப்போர்ட்டை இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அந்த ஆபீசில் யாருக்கும் கிடைத்ததில்லை.

கடைசி மேசைக்கு ஸ்பிரே அடித்த அன்று, பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை பார்க்க வந்தார். நானும் போயிருந்தேன். ஸ்பிரே அறைக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்ளே சுடலை கன்னைப் பிடித்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அளந்து அளந்து நடந்துகொண்டிருந்தான். அண்ணாச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலில் நெற்றி படாமல் எட்டிப் பார்த்தார். கதவை அரை அங்குலம் திறந்து, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார்.

"வெளிய நில்லுங்க அண்ணாச்சி" என்றான் சுடலை, திரும்பிப் பார்க்காமலே.

அண்ணாச்சி கதவை ஓசைப்படாமல் சாத்தினார். தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினார். கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவருக்கு வருமே, அந்த மாதிரி ஒரு பூரிப்பு அவர் முகத்தில்.

"என் பட்டறையில என்னையே உள்ள விடமாட்டுக்கான் டீச்சர், பாத்தியளா."